முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரே எண்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் பெண்டிங் அக்கா. எதைக் கேட்டாலும் "பெண்டிங்ல இருக்கு டீச்சர்" என்பதுதான் பதில். மாற்றுச் சான்றிதழ் தயாரா, பெண்டிங். சாக்பீஸ் வந்துவிட்டதா, பெண்டிங். என் விடுப்புக் கடிதம் தலைமையாசிரியர் மேசைக்குப் போனதா என்று ஒருமுறை கேட்டேன். அது போய், கையெழுத்தாகி, கோப்பிலும் ஏறிவிட்டிருந்தது. ஆனாலும் வாய்ப் பழக்கத்தில் பெண்டிங் என்றுதான் சொன்னார்.

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் கணக்கு டீச்சர், ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் குக்கர். மூன்று விசிலுக்கு மேல் தாங்காதாம். உண்மைதான், கோபம் எனக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அந்த அக்காவுக்கோ கோபம் என்ற ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவர் செய்த ஒரு தப்பு. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் எனக்கே அடுக்காது.

பதினாறு வருடமாக அவருக்கு ஒரே நாற்காலி. காலை எட்டு மணிக்கு முன்னால் வந்து, பாதியில் சிக்கிக்கொள்ளும் கண்ணாடிச் சன்னலை ஒரு தட்டுத் தட்டித் திறப்பார். தொலைபேசியைத் துணியால் துடைப்பார். சன்னலில் நூல் கட்டிய பேனா ஒன்று தொங்கும். நூல் கட்டாத பேனா எங்கள் பள்ளியில் ஒரு நாள் தாண்டாது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவருடைய மகன், மகள் சின்ன வயதுப் படங்கள். இருவரும் வளர்ந்து வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

போன வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் பள்ளி மேலாண்மை மென்பொருள் என்று ஒன்றை வாங்கினார்கள். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், மதிப்பெண், பெற்றோருக்குச் செய்தி, எல்லாம் அதற்குள். நாங்கள் இங்கே ஒரு தட்டுத் தட்டினால் பெற்றோரின் கைப்பேசியில் டிங் என்று மணியடிக்கும். அவர்கள் அதைத் திறந்து பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் விழும். பார்த்துவிட்டார் என்று அர்த்தம். பயிற்சி கொடுக்க வந்த பையன், இனிமேல் ஆசிரியர், மாணவர், பெற்றோர் எல்லாரும் ஒரே குடும்பம் என்றான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

ஆயிரத்து நூறு பிள்ளைகளின் விவரத்தை உள்ளே ஏற்றும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. ஐந்து வாரம் ராப்பகலாகத் தட்டினார். திரையின் மூலையில் ஒரு வட்டம் இருக்கும். எல்லா விவரமும் நிரம்பினால்தான் அது முழுப் பச்சையாகும். வட்டம் கடைசியில் ஒரு கீற்று ஆரஞ்சாக நின்றுவிட்டது. முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் பெற்றோரின் கைப்பேசி எண் இல்லை. அந்தக் கட்டத்துக்கு மேலே சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தார்கள்; காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது.

சிலரிடம் கைப்பேசியே கிடையாது. சிலர் எழுதிக் கொடுத்த எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தது. சிலர் மாதத்துக்கு ஓர் எண் மாற்றினார்கள். ஒருவர் தன் பழைய முதலாளியின் எண்ணைக் கொடுத்திருந்தார். அக்கா கூப்பிட்டபோது அந்த மனிதர், ஓடிப்போன வேலைக்காரனுக்கு வைத்திருந்த திட்டையெல்லாம் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வைத்தார்.

அக்கா தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார். திங்கட்கிழமை தாளாளர் விருந்தினர்களைக் கூட்டிவருகிறார், அதற்குள் எப்படியாவது பச்சையாகிவிட வேண்டும் என்று பதில் வந்தது. எப்படியாவது என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரைப் பிடித்துவந்து ஒரு வாரம் எங்கள் அலுவலகத்தில் உட்கார வைக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சொந்தக் கைப்பேசி எண்ணை முப்பத்தொரு தடவை தட்டினார். வட்டம் பச்சையானது. தலைமையாசிரியர் வந்து பார்த்து, அருமை என்று சொல்லி, ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். எப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பட்ட அசிங்கம் உங்களுக்குப் புரியாது.

விருந்தினர்கள் போனதும் ஒவ்வொன்றாகத் திருத்திவிடலாம் என்பது அக்காவின் கணக்கு. அப்படிப்பட்ட கணக்கு எதுவும் சரியாக வந்ததில்லை. இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அவருடைய கைப்பையில் டிங், டிங், டிங், டிங் என்று நாலு தடவை அடித்தது. உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை என்று நாலு செய்தி. சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுப்பாடம் வரிசையாக வந்தது. கணவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நமக்கு எப்ப முப்பத்தொண்ணு பொறந்துச்சு?" என்று கேட்டாராம்.

வேறொருவராக இருந்தால் சத்தத்தை அணைத்துப் போட்டிருப்பார். நானாக இருந்தால் கண்டிப்பாக. அக்காவால் முடியவில்லை. ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, அந்தச் செய்தி தன்னிடம் வந்துவிட்டது, தான் சும்மா இருந்தால் அது எங்கேயும் போகாது என்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒரு நீள நோட்டு வாங்கினார். பக்கத்துக்கு ஒரு பிள்ளை. எந்த வீட்டுக்கு எப்போது போனால் ஆள் இருக்கும், யாரிடம் சொன்னால் போய்ச் சேரும் என்று குறித்தார். தண்ணீர்த் தொட்டி தாண்டி மூன்றாவது கதவு, ஆறு மணிக்கு மேல். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னால் போதும். அப்பாவிடம் சொல்லக்கூடாது, அடிப்பார். சித்தியிடம் சொல்ல வேண்டும். இப்படி.

மூன்று மாதத்தில் இருபத்துநான்கு குடும்பங்களுக்குச் சரியான எண் வாங்கித் திருத்திவிட்டார். மிஞ்சியது ஏழு. அந்த ஏழு வீட்டிலும் கைப்பேசி கிடையாது. அந்த ஏழு பிள்ளைகளுக்கும் மென்பொருள் கணக்கில் அம்மா அவர்தான்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி என் வகுப்பு. அப்பா இல்லாத வீடு, அவளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி. அம்மா ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து ஆறு பத்துக்கு வாசலுக்கு வருவார். அக்கா வீட்டுக்குப் போகும் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் அன்றைக்கு அக்கா இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, தொழிற்சாலை வாசலில் கைப்பையை அணைத்துக்கொண்டு நிற்பார். செய்தியைச் சொல்வார். அந்த அம்மா சொல்லும் பதிலை அடுத்த பேருந்தில் ஏறிய பிறகு தட்டி எனக்கு அனுப்புவார். பள்ளிதான் இப்படி ஆள் அனுப்பிச் சொல்கிறது, எவ்வளவு நல்ல பள்ளி என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த பதில்கள் இப்போதும் செயலியில் இருக்கின்றன. நேற்று வீட்டில் விளக்கு எரியவில்லை டீச்சர், இன்று இரண்டு நாள் பாடத்தையும் சேர்த்து எழுதிவிடுவாள். பின்னம் புரியவில்லை என்கிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்தது. மற்ற பெற்றோர் செய்திகளைத் திறந்துகூடப் பார்க்காதபோது, தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண் இவ்வளவு பொறுப்பாக இருக்கிறாரே என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று புகழ்ந்தேன். பெற்றோர் என்றால் இவரைப் போல இருக்க வேண்டும் என்றேன். கூட்டக் குறிப்பு எழுதியது பெண்டிங் அக்கா. நான் சொன்னதை வரி விடாமல், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் எழுதிக்கொண்டார்.

இந்த வருடம் மழைக்கு முந்தின மாதத்தில் அக்காவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. புரை. இரண்டு வாரம் விடுப்பு. திரை எதையும் பார்க்கக் கூடாது, கைப்பேசியைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கைப்பேசி கணவர் கைக்குப் போனது. அவர் தங்கமான மனிதர், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. கைப்பேசியில் சிவப்புப் புள்ளி நின்றால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. முப்பது வருடம் வண்டி ஓட்டியவருக்குச் சிவப்பு விளக்கு என்றால் ஏதோ கோளாறு, உடனே கவனிக்க வேண்டும். வந்த செய்தியையெல்லாம் திறந்து திறந்து மூடினார். படிக்கவில்லை. பள்ளிக்கூடச் சமாச்சாரம், சொன்னால் இவள் மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்வாள் என்று அக்காவிடம் சொல்லவும் இல்லை. எங்கள் பக்கத்தில் கண் படம் விழுந்துகொண்டே இருந்தது.

அதே இரண்டு வாரத்தில்தான் என் வகுப்புப் பெண்ணின் தம்பி மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அம்மா விடுப்புக் கேட்டால் வேலை போய்விடும் நிலைமை. பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அதனால் இவள் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டாள்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நாலாவது நாள் அவளுடைய தோழி என்னிடம் வந்து, அவ தம்பிக்குக் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு டீச்சர், அதனாலதான் வரல என்று சொன்னாள். நான் அப்போது மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதுவானாலும் செயலியில் வரட்டும், அவள் அம்மாவுக்கு எழுதத் தெரியுமே, நீ எதற்குத் தபால்காரி வேலை பார்க்கிறாய் என்று விரட்டிவிட்டேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விதி என்னவென்றால், தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் முதல் அறிவிப்பு, ஆறாம் நாள் இரண்டாவது, ஒன்பதாம் நாள் மூன்றாவது. மூன்றையும் பெற்றோர் பார்த்தும் பதில் போடவில்லை என்றால் பெயர் நீக்கம் என்ற பொத்தான் உயிர் பெறும். மூன்று அறிவிப்பையும் நான்தான் அனுப்பினேன். மூன்றுக்கும் பத்து நிமிடத்தில் கண் விழுந்தது. பதில் இல்லை. எவ்வளவு புகழ்ந்தேன், என்னை இப்படி மதிக்காமல் விட்டுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தப் பொத்தானை அழுத்தினேன். மூன்றாவது விசில்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். ஊரிலிருந்து அத்தை வந்து தம்பியைப் பார்த்துக்கொள்கிறாராம். வருகைப் பதிவில் அவள் பெயர் இல்லை. அவள் எழுந்து, என் பேரை விட்டுட்டீங்க டீச்சர் என்றாள். நாளைக்கு அம்மாவோடு அலுவலகத்துக்கு வா என்று சொல்லி, வகுப்பில் எல்லார் முன்னாலும் பையை எடுக்க வைத்து வெளியே அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர். தலைமையாசிரியர், நான், அந்தப் பெண், ஒரு மணி நேர அனுமதி வாங்கி வந்த அவள் அம்மா, சன்னலோரம் தன் நாற்காலியில் அக்கா. அக்காவுக்கு விடுப்பு முடிந்து அன்றுதான் முதல் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குவிந்து கிடந்த காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வருகை பதியும் டேப்லெட்டைத் திருப்பி அந்த அம்மாவிடம் காட்டினேன். மூன்று அறிவிப்பு, மூன்று கண்.

"மூணு தடவை பாத்திருக்கீங்க. ஒரு வரி பதில் போட முடியலையா உங்களுக்கு?"

"என்கிட்ட போனே இல்லையே டீச்சர்," என்றார் அந்த அம்மா. "ஏதாவதுன்னா ஆபீஸ்ல இருக்கற அக்காவை அனுப்பிச் சொல்லுவீங்க. இந்தத் தடவ யாரும் வரலை."

பேச்சை மாற்றாதீர்கள் என்று அவர் வாயை அடைத்தேன். அக்காவை யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று காட்டுவதிலேயே குறியாக இருந்தேன். பழைய பதில்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். விளக்கு எரியாதது, பின்னம் புரியாதது எல்லாம். அவர் முகம் சுண்டிப்போனது. அத்தனையும் அவர் சொன்ன வார்த்தைகள்தான், ஆனால் அவர் எழுதவில்லை. அக்கா போய் வாயால் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருந்தார்; பின்னே யார் எழுதியது? அந்த அம்மா மெதுவாகத் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. யாருடைய கைப்பேசியையோ வைத்துக்கொண்டு இந்தப் பெண் அம்மா பெயரில் எழுதி என்னை இவ்வளவு நாளாக ஏமாற்றியிருக்கிறாள்.

"யார் போன்ல இருந்து எழுதின? சொல்லு."

"நான் எழுதல டீச்சர்," என்றாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்து, நான் எழுதலம்மா என்று மறுபடியும் சொன்னாள். அந்த அம்மா மகளின் தோளில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். அந்தக் கை விலகியதும் பெண்ணின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

தலைமையாசிரியர், இது பள்ளிக்குள்ளே சரிக்கட்டுகிற விஷயம் இல்லை, ஆள் மாறாட்டம், சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார். நான் விடவில்லை. அந்த எண்ணுக்கே அடித்துப் பார்ப்போம், எங்கே ஒலிக்கிறது, யார் எடுக்கிறார்கள் பார்ப்போம், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று டேப்லெட்டில் எண்ணைத் தேடினேன்.

அக்கா எழுந்து நின்றார்.

"அடிக்க வேண்டாம் டீச்சர். இங்கதான் அடிக்கும்."

கைப்பையைத் திறந்து கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்த நீள நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிகிச்சை செய்த கண் இன்னும் சிவந்து நீர் கோத்திருந்தது. நான் அழுகிறார் என்று நினைத்தேன், அது மருந்து. "இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. எழுதினது நான். சொன்னது அவங்க அம்மா. நான் படுத்திருந்த நேரத்துல வந்ததை எங்க வீட்டுக்காரர் தெரியாமத் தொறந்து மூடிட்டார். மூணு கண்ணும் அவரோடது," என்றார்.

அந்த அம்மா மகளைச் சட்டென்று இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். நான் ஊரறியப் புகழ்ந்த அந்த உத்தமமான தாய் முப்பதடி தூரத்தில் எனக்குச் சாக்பீஸ் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மத்தியானமே தாளாளர் வந்து விசாரணை. ஏன் பொய்யான எண்ணை ஏற்றினீர்கள் என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. காலியாக விட அது சம்மதிக்கவில்லை, எண் இல்லை என்று சொன்னேன், எப்படியாவது பச்சையாக்கச் சொன்னார்கள் என்றார். தலைமையாசிரியர் சன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்தார். அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று தாளாளர் விடவில்லை.

"சொல்லியிருக்கணும் சார். தப்புதான். சொன்னா அந்த ஏழு பேரும் மறுபடி ஆரஞ்சாயிடுவாங்க. ஆரஞ்சானா அவங்களுக்கு யாரு போய்ச் சொல்லுவா?"

வேலையை விட்டு எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. நான் வாயைத் திறந்தேன். எனக்கும் செய்தி வந்தது, வாய் வழியாக வந்தது, தம்பிக்குக் கால் உடைந்தது எனக்கு நாலாவது நாளே தெரியும், தெரிந்துதான் பொத்தானை அழுத்தினேன், எடுப்பதானால் இரண்டு பேரையும் எடுங்கள் என்றேன். நான் பெரிய தியாகி என்று நினைக்க வேண்டாம். இருபது வருடச் சர்வீஸ் உள்ள கணக்கு டீச்சரை நடு வருடத்தில் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் அக்காவுக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. மென்பொருளுக்கான கடவுச்சொல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாற்காலியையும் மாற்றி, பின்கட்டில் நகல் எடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். சன்னல் இல்லாத அறை, இயந்திரத்தின் சூடு, நாள் முழுக்கக் காகித வாடை. பதினாறு வருட நாற்காலியை விட்டுப் போகும்போது அவர் எடுத்துக்கொண்டு போனது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த இரண்டு படங்களும் அந்த நோட்டும்தான். எனக்கு ஓர் எச்சரிக்கையும் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பெயரைத் திரும்பச் சேர்க்க மென்பொருள் நிறுவனத்துக்கு மூன்று நாள் ஆனது. அவள் வகுப்புக்கு வந்த அன்று, எந்த வகுப்பில் பையை எடுக்க வைத்தேனோ அதே வகுப்பில், எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய தோழியிடமும் கேட்டேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை, வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவள் பரவாயில்ல டீச்சர் என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன அத்தனை நாள் கணக்கையும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். பாதி போதும் என்றேன்.

அடுத்து அந்த ஏழு பேருக்கு ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. கைப்பேசி இல்லாத பெற்றோர், தங்களுக்கு நம்பிக்கையான வேறொருவரின் எண்ணைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று தலைமையாசிரியர் ஒரு படிவம் தயாரித்தார். ஏற்றும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு பேர் கொடுத்து முடித்தபின் கடைசியாக என் வகுப்புப் பெண்ணின் அம்மா தன் வாராந்திர விடுமுறை நாளில் வந்தார். யாருடைய எண் என்று கேட்டேன். அந்த அக்காவோடதுதான், வேற யாரு என்றார். அக்காவிடம் கேட்க வேண்டுமே என்று இருவருமாக நகல் அறைக்குப் போனோம்.

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இயந்திரத்துக்குக் காகிதம் ஊட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திரும்பாமலே, என் நம்பர் போட்டதுக்குத்தானே இங்க உட்கார வச்சிருக்காங்க என்றார். இந்த முறை கையெழுத்தோடு போடுகிறோம், நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அவர் இரண்டு மூன்று காகிதம் ஊட்டினார். போடுங்க, ஆறு பத்துக்கு அந்தப் பக்கம்தானே போறேன் என்றார்.

டேப்லெட்டில் எண்ணைத் தட்டினேன். அடுத்த கட்டம், உறவுமுறை. அதற்கும் சிவப்பு நட்சத்திரம். அம்மா, அப்பா, பாதுகாவலர், மற்றவர் என்று நாலே நாலு. பாதுகாவலர் என்று போட நீதிமன்றக் காகிதம் வேண்டும் என்று தலைமையாசிரியர் முன்பே சொல்லியிருந்தார். மற்றவர் என்பதில் விரலை வைக்கப்போனேன். அந்த அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அதுல என்ன போட்டிருக்கு என்று கேட்டார். படித்துச் சொன்னேன்.

"மத்தவங்களா? அவங்க எப்படி மத்தவங்க ஆவாங்க? பெரியம்மான்னு போடுங்க டீச்சர்."

பெரியம்மா அதில் இல்லை. சித்தி இல்லை, அத்தை இல்லை, மாமா இல்லை. ஒரே குடும்பம் என்று சொல்லி விற்றுவிட்டுப் போனவர்கள் குடும்பத்தில் நாலு பேரைத்தான் வைத்திருந்தார்கள். இல்லையே, என்ன செய்வது என்று அவரைப் பார்த்தேன். நகல் இயந்திரம் நின்றிருந்தது. அக்கா இன்னும் திரும்பவில்லை, ஆனால் காகிதம் ஊட்டவும் இல்லை.

"அப்ப அம்மான்னே போடுங்க," என்றார் அந்த அம்மா. "நான் எம்புள்ள பக்கத்துலயே இருக்கேன். எனக்கு எதுக்கு அதுக்குள்ள ஒரு எடம்?"

அது பொய்யான விவரம். அதற்காகத்தான் ஒருவருடைய நாற்காலி போனது. எல்லாம் தெரிந்துதான் அம்மா என்பதை அழுத்தினேன். வட்டம் பச்சையானது. மேசைமேல் கிடந்த அக்காவின் கைப்பேசி டிங் என்றது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை எடுத்து, திரையைக் கண்ணருகே வைத்து, வெகுநேரம் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது மருந்தா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

"யாராவது கண்டுபிடிச்சா என்ன சொல்லுவீங்க டீச்சர்?" என்றார்.

திருத்தம் பெண்டிங்கில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.